இரண்டு மை, ஒரு முகம்

மாஸ்டர் புதுக் குடை வாங்கினால் மழை வரும்வரை காத்திருக்க மாட்டார். தெமோதரைச் சந்தியில் என் கடைக்குப் பின்னால் மலைத்தண்ணீர் விழுகிற ஒரு பீலி இருந்தது. குடையை விரித்துக்கொண்டு அதற்குக் கீழே போய் நின்றுவிடுவார். கையில் மணிக்கூடு. சரியாகப் பத்து நிமிடம். சட்டைத் தோளில் ஒரு பொட்டு ஈரம் பட்டிருந்தாலும் குடை அன்றைக்கே வாங்கின கடைக்குத் திரும்பிவிடும். காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிற பெண்கள், நல்ல வெயிலில் ஒரு மனிதர் குடை பிடித்து நனையாமல் நிற்க முயல்வதைப் பார்த்து முதலில் பயந்தார்கள். பிறகு சிரித்தார்கள். ஒரு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். விஞ்ஞானம் படிப்பிக்க இரண்டு வருடத்துக்கு என்று மாற்றலாகி வந்தவர், யுத்தத்தில் பாதை மூடினதும் திறந்ததுமாக மொத்தம் ஏழு வருடம் இருந்துவிட்டார். கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அவருடைய பெயர் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. சாமான் வாங்குகிற எல்லோரும் நம்பித்தான் வாங்குகிறோம். மாஸ்டருக்கு மட்டும் அந்த நம்பிக்கை என்ற சங்கதியே தெரியாது. மனிதர்களை அவர் சந்தேகப்பட்டதில்லை, யாரையும் பொய்யன் என்றதில்லை. "இருக்கலாம். பாப்பம்," என்பார். அவ்வளவுதான். அந்தப் "பாப்பம்" வாயிலிருந்து விழுந்துவிட்டால் யாருக்கோ கஷ்டகாலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். என் அம்மா, நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கையால் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றையும் கொண்டுவந்து தலையணைக்கடியில் வைத்தாள்.

"அம்மா, மந்திரிக்காத எலுமிச்சம்பழம் ஒண்டும் தாங்கோ," என்றார் மாஸ்டர்.

"அது எதுக்கு மாஸ்டரு?"

"ஒரு நாளைக்கு இது, மற்ற நாளைக்கு அது. எதுக்குக் காய்ச்சல் கூடக் குறையுதெண்டு பாப்பம்."

அம்மா ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. காய்ச்சல் இரண்டு எலுமிச்சம்பழத்துக்கும் ஒரே மாதிரி இறங்கியது. அதை வந்து அம்மாவிடம் சொன்னதால் இன்னொரு கிழமையும் பேசவில்லை.

இப்படிப்பட்டவரை நான் என் வியாபாரத்துக்குள் கூப்பிட்டிருக்கக் கூடாது. ஆனால் கூப்பிட்டேன். என்னுடையது ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை: இரண்டு டெலிபோன், ஒரு போட்டோகொப்பி மிஷின். தோட்டத்து ஆட்கள் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படமெடுக்க ஒரு நாள் பேரை, அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு பதுளைக்குப் போய்வருவார்கள். நான் ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கிவிட்டால் அந்த ஒரு நாள் அவர்களுக்கு மிச்சம், எனக்கும் பிழைப்பு.

பிரிண்டருக்கு அவசரம் இன்னொன்றும் இருந்தது. எனக்கு முப்பத்தொரு வயது. அந்த நேரத்தில்தான் தரகர் பண்டாரவளையில் ஒரு பெண்ணைச் சொல்லியிருந்தார், முன்பள்ளி ஆசிரியை. டெலிபோன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருக்கிற காலத்தில் டெலிபோன் கடைக்காரனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவள் தாய்மாமன் கேட்டாராம். போட்டோ மிஷின் வரப்போகிறது என்று தரகர் சமாளித்து வைத்திருந்தார். நான் அந்தப் பெண்ணை ஒரே ஒருமுறை பண்டாரவளை பஸ் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். அவளுடைய அம்மா மரக்கறிப் பையோடு ஓடிவந்து கொண்டிருந்தாள். பஸ் புறப்படப் பார்த்தது. இவள் மிதிபலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "அம்மா ஏறின பெறகு எடுங்க," என்று கொண்டக்டரிடம் சாவகாசமாகச் சொன்னாள். பஸ் நின்றது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவாகிவிட்டது, அதை யாரிடமும் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போன பதுளைக் கடையில் ஒரே மாதிரியான இரண்டு பிரிண்டர் இருந்தன. ஒன்றுக்குக் கம்பனியே அடைத்து விற்கிற ஒரிஜினல் மை. விலையைக் கேட்டால் தலை சுற்றும். மற்றதன் பக்கவாட்டில் ஆறு சின்னப் போத்தல்களைக் கட்டி, மெல்லிய குழாய்களை உள்ளே விட்டிருந்தார்கள். மை முடிந்தால் போத்தலில் ஊற்றிக்கொள்ளலாம், சும்மா கிடைத்த மாதிரி.

"ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைங்க. கண்ண மூடிக்கிட்டுப் போத்தல் மெஷினையே எடுங்க," என்றார் கடைக்காரர்.

"கண்ணை மூடிக்கொண்டு என்னெண்டு படம் பாக்கிறது?" என்றார் மாஸ்டர். உண்மையான சந்தேகமாகத்தான் கேட்டார்.

எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது. கடைக்காரர் மாதிரிக்குக் காட்டிய தன் மகளுடைய பிறந்தநாள் படங்கள் இரண்டையும் மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். பிறகு, நாங்கள் என்ன ஏது என்று கேட்குமுன், இரண்டையும் தன் தேத்தண்ணிக்குள் நிறுத்திவிட்டார். போத்தல் மையில் வந்த படத்திலிருந்து கேக் முழுவதும் கரைந்து கிளாசின் அடியில் இறங்கியது. ஒரிஜினல் கேக்கின் ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கியது.

"தேத்தண்ணிக்குள்ள யாருங்க போட்டோவ வைப்பாங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நான் வைச்சனே," என்றார் மாஸ்டர்.

அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். வேறு யாராக இருந்தாலும் எங்களை இறக்கி விட்டிருப்பார்கள். இவர் மாத முடிவுவரை இரண்டு மிஷினையும் எடுத்து வைப்பதாகச் சொல்லி, என் முகத்தையே படமெடுத்து இரண்டிலும் அடித்துக் கொடுத்தார். ஒரிஜினலில் நான் நானாக இருந்தேன்: கறுப்பு, கன்னத்தில் அம்மைத் தழும்பு. போத்தல் மையில் எல்லாவற்றுக்கும் ஒரு ரோஸ் பூச்சு ஏறியிருந்தது. தழும்பைக் காணவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுதான்டா நீ," என்றாள். அதே மாதிரி இன்னொன்று அடித்து வாங்கி, அதைத்தான் தரகர் கையில் பண்டாரவளைக்கு அனுப்பினோம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சம்மதம் என்றால் படம் பெண் வீட்டிலேயே தங்கிவிடும். இல்லையென்றால் திரும்பி வரும்.

மிச்சமிருந்த இரண்டு படங்களையும் மாஸ்டர் எடுத்துக்கொண்டார். முதலில் ஜன்னலில் ஒட்டி, பாதி முகத்தைக் கறுப்புக் கடதாசியால் மூடி வெயில் காட்டினார். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒரு கிழமை போனதும் அவருக்குத் திருப்திப்படவில்லை.

"தம்பி, இஞ்ச ஆக்கள் படத்தை எங்க கொழுவுறவை?"

"சாமி படத்துக்குப் பக்கத்துல."

"அப்ப விளக்குப் புகை, சாம்பிராணிப் புகை எல்லாம் படும். அங்கதான் வைச்சுப் பாக்கோணும்."

கடைக்குள் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில் என்னுடைய பிள்ளையார் படம். அதற்குக் கீழே தட்டில் விளக்கு. பிள்ளையாருக்கு இரண்டு பக்கமும் நான் தொங்கினேன், வலப்பக்கம் கறுப்பாக, இடப்பக்கம் சிவப்பாக. வருகிறவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் வியாபாரம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் இல்லாத ஒரு நாளில்தான் வினை வந்தது. பாடசாலை விடுமுறை. மாஸ்டரைக் கடையில் இருத்திவிட்டு, பிரிண்டருக்குக் கடன் கேட்க பதுளைக்குப் போயிருந்தேன். தனியாக உட்கார்ந்து யோசித்த மாஸ்டருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. தோட்டத்தில் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் யார்? செத்தவர்களின் வீட்டார். அந்தப் படத்துக்கு ஈரப் பூமாலை விழும், சந்தனப் பொட்டு வைப்பார்கள். இவை இரண்டையும் தாங்காவிட்டால் மை எதற்கு? எழுந்து போய் இரண்டு மாலை வாங்கிவந்தார். என் இரண்டு நெற்றியிலும் பொட்டு வைத்தார். இரண்டு கழுத்திலும் மாலை போட்டார். காற்று அடிக்கிறது என்று பாதிக் கதவைச் சாத்திவிட்டு, விளக்கைத் தூண்டி, குறிப்பெழுதுகிற கொப்பியோடு முன்னால் உட்கார்ந்தார்.

நான் திரும்பி வந்து பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். மாலைகளைப் பிய்த்து எறிந்தேன்.

"ஈரம் இன்னும் காயேல்ல தம்பி. நாளைக்கு வரைக்கும் வைச்சிருக்கலாம்," என்றார்.

"யாராச்சும் பாத்தாங்களா மாஸ்டர்?"

கொப்பியைப் பார்த்துச் சொன்னார். "ஒராள் வந்தவர். பதினொண்டு இருபதுக்கு. வெள்ளைச் சேட்டு. செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்து ரெண்டு படத்தையும் வடிவாப் பாத்தவர். பிறகு கும்பிட்டுப்போட்டு, ஒண்டும் கதைக்காமல் போயிட்டார். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச மாதிரிக் காணேல்ல."

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தெரிந்தவர் யாராவது இருக்கும், விளையாட்டுக்குக் கும்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் தரகர் ஏறி வந்தார். தலையைக் குனிந்து, தோளில் துண்டைப் போட்டு, துக்க வீட்டுக்கு வருகிற நடை. வாசலுக்கு வந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

"தம்பி, நீங்க எதுல உள்ளவரு?"

"என்ன கேக்குறீங்க?"

"ரெண்டு பேருல எந்த ஆளுன்னு கேக்குறேன். கூடப் பொறந்தவரு ஒருத்தர் இருந்ததை என்கிட்ட சொல்லவே இல்லையே."

அம்மா தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகுதான் கதை வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் பெண்ணின் தாய்மாமன். மாப்பிள்ளையைப் பற்றிச் சந்தியில் இரகசியமாக விசாரிக்க வந்திருக்கிறார். பாதிக் கதவு சாத்தின கடை, எரிகிற விளக்கு, புது மாலை, முன்னால் கொப்பியோடு ஒரு பெரியவர். இரண்டு படங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன என்று மனிதர் முடிவுகட்டிவிட்டார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா? அதனால்தான் வாய் திறக்காமல் போயிருக்கிறார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அங்கேயே விஷயம் தெளிந்திருக்கும். பாழாய்ப்போன மரியாதை அவரைப் பேசவிடவில்லை.

தரகர் ஒரு கடித உறையை நீட்டினார். உள்ளே என் ரோஸ் முகம். கன்னிப்பெண் இருக்கிற வீட்டில் செத்தவன் படம் இருக்கக் கூடாதென்று அவசரமாகத் திருப்பியிருக்கிறார்கள்.

"உயிரோட இருக்கான்னு போய்ச் சொல்லுங்களேன்," என்றாள் அம்மா.

"சொல்றேன். ஆனா மாலை விழுந்த படம். மாமன்காரர் ஒத்துக்குவாருன்னு தோணலங்க."

நேரே கடைக்குப் போனேன். என் வாழ்க்கையில் யார்மேலும் அப்படிக் கோபப்பட்டதில்லை. நான் கத்தியதையெல்லாம் மாஸ்டர் கேட்டுக்கொண்டார். பிறகு கொப்பியை எடுத்து, பதினொன்று இருபதுக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்து, "பார்வையாளர் தவறாக விளங்கிக்கொண்டார்" என்று திருத்தினார்.

"பிழை என்ர. நான் வந்து சொல்லுறன்," என்றார். "நாளைக்குக் காலமை ரெயிலில போவம். நீரும் வாரும். ஆள் இல்லாமல் உயிரோட இருக்கிறாரெண்டு சொன்னா அவை என்னெண்டு நம்புறது?"

பண்டாரவளைக்கு அம்மா, நான், மாஸ்டர் மூவரும் போனோம். மாஸ்டர் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என்ன என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் வீட்டில் மாமா என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னார், தானோ உட்காரவில்லை. நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை தொண்டையில் அது இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். மாஸ்டர் துணிப்பையைத் திறந்து, நான் பயந்தபடியே, இரண்டு படங்களையும் மேசையில் வைத்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு அப்படியே காய்ந்து கிடந்தது. வெயில், புகை, மாலை, ஒரிஜினல் மை, போத்தல் மை என்று அரை மணித்தியாலம் விளக்கினார். வகுப்பறையில் கூட அவ்வளவு சிரத்தையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

"வெளங்குதுங்க," என்றார் மாமா. "ஆளு நல்லா இருக்கிறது சந்தோசம். ஆனா பேச்சு தொடங்கும்போதே மாலை விழுந்துருச்சு. மனசு ஒப்பல."

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். எழுந்துவிடுவோம் என்று நான் பார்த்தேன். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதென்றோ என்னவோ, மாமா மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க படிச்சவங்க. கூட இருந்து பாக்குறீங்க. பையன் எப்புடிங்க?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. தங்கமான பிள்ளை என்று சொல்ல வேண்டும். தெருவில் போகிறவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"நாலு வருசமாத் தெரியும். குடிச்சு நான் காணேல்ல. தாயோட ஒருநாளும் குரல் உயர்த்தினதில்லை. கோவம் வரும். வந்தா அண்டைக்கு முழுக்கக் கதைக்க மாட்டார். காலமை எழும்பிறதுக்குப் பஞ்சி, நல்ல சோம்பல். பெஞ்சாதியை எப்பிடி வைச்சிருப்பாரெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லேலாது."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள், நான் ஏதோ சொன்ன மாதிரி. முடிந்தது என்று நினைத்தேன். பஸ் மிதிபலகையில் நின்ற அந்தப் பெண் இனி வேறு எவன் வீட்டிலோ விளக்கேற்றப்போகிறாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது.

"மாமா," என்று உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இதுக்கு முன்னாடி வந்த எல்லாரும் தங்கமான பிள்ளன்னுதான் சொன்னாங்க. தெரியாதுன்னு சொன்னது இவர் ஒருத்தர்தான்."

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்களுக்கு அனுப்பினது எந்த மைங்க மாஸ்டர்?"

"போத்தல் மை, பிள்ளை."

"அப்ப ஆள் இந்த நெறம் இல்லையா?"

"இல்லை. ஆள் கறுப்பு. கன்னத்தில தழும்பும் இருக்கு. மற்றப் படம்தான் சரி."

அவள் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். முதலில் சிவப்பானதை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு கறுப்பானதை. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் ஒரு பெண் மாப்பிள்ளையை அப்படிப் பார்த்து நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வெறும் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிவப்புப் படத்தை மாமாவிடம் நீட்டினாள்.

"இதத் திருப்பிக் குடுத்திருங்க மாமா. இது யாருன்னு எனக்குத் தெரியல."

மற்றப் படம் அவள் கையிலேயே இருந்தது. நெற்றியில் இருந்த பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி, அந்தச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள். அம்மா அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மாஸ்டர் எழுந்து கிட்டப் போனார்.

"பிள்ளை, அந்தச் சீலைத் தலைப்பைக் கொஞ்சம் பாரும். நிறம் பட்டிருக்கோ?"

அவள் தலைப்பை வெளிச்சத்தில் விரித்து நிதானமாகப் பார்த்தாள்.

"சந்தனம் மட்டுந்தாங்க."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதினார். அவள் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா தன் கையில் மிஞ்சிய படத்தையும் உள்ளறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதல்முறையாகக் கதிரையில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.